கத்தி படுவதற்கு முன்பு: அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்ட, வட்ட மருத்துவமனைகளிலும், காப்பீட்டு அட்டையோடு நாங்கள் போகும் தனியார் மருத்துவமனைகளிலும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் காத்திருப்பவர்கள் நாங்கள். ஏற்கெனவே கத்திக்குக் கீழே படுத்து எழுந்தவர்களும், தியேட்டர் வாசலில் மணிக்கணக்கில் நின்ற வீட்டுக்காரர்களும் எங்களில் உண்டு. மக்கள் நல்வாழ்வுத் துறையின் முன்பும், மருத்துவமனைகளை நடத்தும் இயக்குநரகங்களின் முன்பும், தனியார் நிர்வாகங்களின் முன்பும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

ஆபரேஷன் என்றால் பயமாகத்தான் இருக்கும். உடம்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்களை ராத்திரி முழுக்கப் புரள வைப்பது வேறொன்று. எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள், யார் ஆபரேஷன் செய்வார், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாமா, பிரஷர் மாத்திரையைக் காலையில் போட வேண்டுமா, தாலியைக் கழற்றச் சொல்வார்களா, காப்பீட்டு அப்ரூவல் வந்ததா என்ற கேள்விகளுக்கு வார்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பயம் மருத்துவமனை நடக்கும் விதத்தால் வருவது, நடத்துகிறவர்கள் நினைத்தால் நிற்கும். நிறுத்தாவிட்டால் இழப்பு அவர்களுக்கும் உண்டு. தூக்கமில்லாமல் வந்தவருக்குக் காலையில் ரத்த அழுத்தம் ஏறி நிற்கும், “பிரஷர் அதிகமா இருக்கு, இன்னைக்கு வேண்டாம்” என்று கேஸ் தள்ளிப்போகும், அடுத்த முறை அவர் இன்னும் பயந்துபோய் வருவார்.

முதல் கோரிக்கை: எங்கள் உடம்பில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை, அவசர கேஸ் தவிர மற்ற எல்லாருக்கும், ஒரு நாள் முன்பாவது தமிழில் சொல்லுங்கள். இப்போது பல வார்டுகளில் ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவம் முந்தின ராத்திரி வருகிறது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு வரும் இடங்களும் உண்டு. “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு” என்று விரல் காட்டுகிறார்கள். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரியை மட்டும் யாராவது வாசித்துவிட்டுப் போகிறார்கள். விடியும்வரை அந்த வரியோடு நாங்கள் படுத்திருக்கிறோம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சிகிச்சை என்ன, எதற்காக, அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிய பிறகு பெறுவதுதான் சம்மதம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு அறுவை செய்யக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் இதை உரிமையாகவே வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வயதை எட்டிவிட்டார்கள். ஒரு தமிழ்ப் படிவம் அச்சடிக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்? படிவத்தின் ஓரத்தில் மனித உடம்பின் கோட்டுப்படம் ஒன்று இருக்கட்டும். “இங்கே திறப்போம், இதை எடுப்போம், இத்தனை தையல் வரும்” என்று டாக்டர் பேனாவால் வட்டமிட ஐந்து நிமிடம் போதும்.

எல்லாம் தெரிந்தால்தான் நிம்மதி என்பவர் உண்டு, கத்தியின் பேச்சே காதில் விழ வேண்டாம் என்பவரும் உண்டு. யார் எப்படி என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது அடுத்த கோரிக்கை. வார்டில் சுரம், நாடி, பிரஷர், சர்க்கரை எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறுகின்றன. பயத்துக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. 1996-ல் வெளியான ஆம்ஸ்டர்டாம் கேள்வித்தாளில் இருப்பவை ஆறே வரிகள். மயக்கத்தை நினைத்துப் பயமா, ஆபரேஷனை நினைத்தா, இன்னும் விவரம் தெரிய வேண்டுமா என்று அளக்கும் எளிய தாள் அது. அதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கேஸ் ஷீட்டோடும் இணையுங்கள். பயம் மிக அதிகம் என்று தெரிந்தால், முந்தின ராத்திரி மாத்திரை தரலாமா என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்யட்டும். கேட்காமலே விட்டால் அந்த முடிவை எடுக்கக்கூட யாரும் இல்லை.

மருத்துவக் கல்லூரி வார்டுகளுக்கென்று தனியாக ஒன்று. காலை ரவுண்ட்ஸில் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஆங்கிலத்தில் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். எங்களுக்குப் பிடிபடுவது ‘ரிஸ்க்’, ‘கேன்சர்’, ‘ப்ளீடிங்’ போன்ற நாலைந்து சொற்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்னதை நமக்கென்று எடுத்துக்கொண்டு ராத்திரி அழுதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். மாணவர்கள் படிக்கட்டும், எங்கள் உடம்பைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்றால் அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ரவுண்ட்ஸ் நகர்ந்த பிறகு ஒரே ஒரு பயிற்சி மருத்துவர் கட்டிலருகே தங்கி, பேசியதில் எங்களுக்கு உரியதைத் தமிழில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாளைக் காலை ரவுண்ட்ஸிலேயே இதைத் தொடங்கலாம்.

மயக்க மருந்தைப் பற்றி எங்களுக்கு இருக்கும் பயம் கத்தியைப் பற்றி இருப்பதைவிடப் பெரிது. “திரும்ப முழிப்பேனா?” “நடுவுல முழிச்சிட்டா?” “முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலியாமே?” வார்டில் இந்த மூன்றையும் கேட்காத ராத்திரி இல்லை. பதில்கள் இருக்கின்றன. மயக்கம் கொடுத்தவர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. கடைசித் தையல் வரை தலைமாட்டிலேயே இருந்து இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் நினைவு திரும்பியதாக நோயாளிகளே சொன்ன சம்பவங்களைப் பிரிட்டன் முழுவதும் திரட்டி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒன்று என்ற கணக்குதான் வந்தது. முதுகு ஊசிக்குப் பின் சில நாள் தலைவலி சிலருக்கு வரலாம். ஆயுசுக்கும் முதுகுவலி என்பதற்கு ஆதாரம் இல்லை. இவ்வளவையும் சொல்ல வேண்டியவர் மயக்க மருத்துவர். அவரை நாங்கள் சந்திப்பதோ ‘ஃபிட்னஸ்’ வாங்கப் போகும் இரண்டு நிமிடத்தில், வாயைத் திற, கழுத்தை நிமிர்த்து என்பதோடு முடிந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு திட்டமிட்ட ஆபரேஷனுக்கும் முன்பு மயக்க மருத்துவர் எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். வட்ட மருத்துவமனைகளில் ஒரே மயக்க மருத்துவர் எத்தனை இடத்துக்கு ஓடுகிறார் என்பது எங்களுக்கும் தெரியும், பணியிடங்களை நிரப்புங்கள் என்பதும் இந்தக் கோரிக்கைக்குள் அடக்கம். ஆனால் பேசுவதற்கு ஆகும் நேரம் வீண் போவதில்லை. பாஸ்டனில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1964-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் வலி எப்படி இருக்கும், எப்படிப் புரண்டு படுப்பது, எப்படி மூச்சை இழுப்பது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு அறுவைக்குப் பின் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்கு ஆனதில் பாதி அளவுக்குக் குறைந்தது, வீட்டுக்கும் அவர்கள் சீக்கிரமே போனார்கள். கட்டில் காலியாகவில்லை என்று அலுத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

இனி வருவதுதான் எங்களை அதிகம் வதைப்பது. ராத்திரி பத்து மணிக்கு, “இனிமே பச்சைத் தண்ணி கூடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விடிகிறது, பச்சை கவுனை மாட்டி உட்கார வைக்கிறார்கள். ஒன்பது மணி, பதினொன்று, ஒன்று. உதடு காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் யாரோ ரசஞ்சோறு சாப்பிடும் வாசனை வருகிறது. மூன்று மணிக்கு ஒருவர் வந்து, “இன்னைக்கு லிஸ்ட் முடிஞ்சுபோச்சு, நாளைக்குப் பார்க்கலாம்” என்கிறார். மறுநாளும் அதே ராத்திரி, அதே பத்து மணி. சர்க்கரை நோயாளி ஒருவர் இப்படி இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மயங்கி விழ தியேட்டர் வரை போக வேண்டியதில்லை. பட்டினி எதற்கு என்பது எங்களுக்குத் தெரியும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது எதிர்த்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. ஆனால் அதற்கு விடிய விடியத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று மயக்கவியல் சொல்லவில்லை. தண்ணீரும் பால் கலக்காத டீயும் இரண்டு மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பு வரை, லேசான உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்டால் எட்டு மணி நேரம் என்பதுதான் மயக்கவியல் மருத்துவர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் அளவு. நெஞ்செரிச்சல், கர்ப்பம், குடல் அடைப்பு போன்ற நிலைகளில் இது மாறும். அதை மருத்துவர் சொல்லட்டும்.

ஆகவே நான்கு காரியங்கள் இப்போதே நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் உத்தேச நேரத்தோடு ஓ.டி. லிஸ்ட் முந்தின மாலையே வார்டில் ஒட்டப்பட வேண்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த மாத்திரையைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்பதையும் சேர்த்து, கட்டிலில் ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் லிஸ்டில் முதலில் வர வேண்டும். கேஸ் தள்ளிப்போனால், தள்ளிப்போகிறது என்று தெரிந்த உடனே வந்து சொல்லிச் சாப்பாடு போட வேண்டும். அடுத்த தேதியையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இவற்றுக்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, வந்து சொல்ல ஒருவர். இன்றிரவு தொடங்க எது தடுக்கிறது?

“வலது காலுக்குப் பதில் இடது காலை அறுத்துட்டா?” சிரிப்பதற்குரிய பயமில்லை இது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின் முதல் படியே, மயக்கம் கொடுப்பதற்கு முன்பு நோயாளியின் வாயாலேயே பெயர், எந்த இடம், என்ன அறுவை, சம்மதம் ஆகியவற்றை உறுதிசெய்து, இடத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்பதுதான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது உயிரிழப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியல் நம் தியேட்டர் சுவர்களிலும் தொங்குகிறது. அதைச் சத்தமாக, தமிழில், நாங்கள் விழித்திருக்கும்போதே வாசியுங்கள். பேனாக் குறியை எங்கள் கண்முன் போடுங்கள். யார் ஆபரேஷன் செய்கிறாரோ அவர் முகத்தையும் அதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

பெண்களுக்கு ஒரு பயம், அதை வெளியே சொன்னால் படிக்காதவள் என்று பெயர். தியேட்டர் வாசலில், “தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டுங்க” என்று அவசரப்படுத்தும்போது கை நடுங்குகிறது. சிலருக்கு அதுவே அபசகுனமாக மனதில் தங்கிவிடுகிறது. கழற்றச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரத்தம் கசிவதை நிறுத்தக் கருகச் செய்யும் மின்கருவியை வைக்கும்போது உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடலாம். விரல் வீங்கினால் மோதிரம் இறுகும். இந்தக் காரணத்தை முந்தின நாளே சொல்லுங்கள். உலோகம் இல்லாத மஞ்சள் கயிறு மட்டும் இருக்கட்டும் என்பவருக்கு, அறுவை இடத்தில் குறுக்கிடாதவரை, அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். கழற்றிய நகையை உறையில் போட்டு எடையும் எண்ணிக்கையும் எழுதி, வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கூட யாரும் இல்லாதவர் முந்தானையில் முடிந்துகொண்டு தவிக்கும் நிலை இருக்கக் கூடாது. கவுனுக்கும் இதே மரியாதை வேண்டும். முதுகுப் பக்கம் திறந்த கவுனோடு வராந்தா முழுக்கத் தள்ளிக்கொண்டு போகாமல் மேலே ஒரு போர்வை போர்த்துங்கள். உடம்பில் முடி எடுக்க வேண்டுமென்றால் பெண்களுக்குப் பெண்களே எடுக்க வேண்டும், திரை மறைவில். பிளேடு கூடாது, தேவையிருந்தால் கிளிப்பர் போதும் என்று உலக சுகாதார நிறுவனமே 2016-ல் சொல்லிவிட்ட பிறகும் பழைய பிளேடு இன்னும் சில வார்டுகளில் சுற்றுகிறது.

குழந்தைகளின் ஆபரேஷனில், மயக்க மருத்துவர் ஒப்புக்கொள்ளும் கேஸ்களில், பிள்ளை தூங்கும்வரை அம்மாவோ அப்பாவோ தலைமாட்டில் நிற்க அனுமதிக்க வேண்டும். கதவு வரை வந்த அம்மாவின் சேலையிலிருந்து விரலைப் பிரித்தெடுத்துத் தூக்கிக்கொண்டு போவதை இன்றோடு நிறுத்துங்கள். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட மாநிலம் இது. அதைவிடப் பெரிய மாற்றம் எதையும் இங்கே கேட்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஆபரேஷன்களில், சிசேரியன் உட்பட, நாங்கள் விழித்திருக்கிறோம். உள்ளே பேசுவதெல்லாம் கேட்கிறது. நேற்றைய கிரிக்கெட், யாருக்கு எங்கே மாற்றல், “இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கு” என்ற முணுமுணுப்பு. திடீரென்று கருகும் வாடை வரும்போது என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். உடம்பு வெடவெடவென்று நடுங்கும், பிள்ளையை எடுக்கும்போது இழுப்பது போலவும் அழுத்துவது போலவும் இருக்கும், இதெல்லாம் வழக்கம்தான் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் பாதி கலக்கம் இருக்காது. எனவே விழித்திருக்கும் நோயாளியின் தலைமாட்டில் பேச்சுக்கொடுக்க ஒரு செவிலியர் இருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கத்து அரட்டையும் அடங்க வேண்டும்.

பணமும் ரத்தமும் ஆபரேஷன் நாளின் காலையில் எழும் கேள்விகளாக இருக்கக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்களுக்கு அப்ரூவல் கிடைத்த பிறகுதான் தேதி கொடுக்க வேண்டும். தேதி கொடுத்துப் பட்டினி போட்ட பிறகு, “இன்னும் அப்ரூவல் வரலை, இப்போதைக்குக் கட்டுங்க” என்று சொல்வதைத் தனியார் மருத்துவமனைகள் கைவிட வேண்டும். காப்பீட்டுக்கு வெளியே கையிலிருந்து எவ்வளவு ஆகும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். ரத்தம் வேண்டுமென்றால் முந்தின நாளே ரத்த வங்கியில் ஒதுக்கி, ஒதுக்கியாயிற்று என்று எங்களிடம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஆள் தேடி ஓட விடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள யாருக்கும் காசு தரத் தேவையில்லை, கேட்டால் இந்த எண்ணில் சொல்லுங்கள் என்ற பலகை தியேட்டர் வாசலில் கண்ணுக்குப் படும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வாசலில் நிற்பவர்களுக்கும் உரிமை உண்டு. ஒரு மணி நேரம் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனவர் நான்கு மணி நேரமாக வரவில்லை என்றால் வெளியே நிற்பவரின் நிலை எப்படியிருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறோம். ரயில் நிலையத்தில் இருப்பது போல ஒரு பலகை போதும்: டோக்கன் எண்ணுக்கு நேரே ‘காத்திருக்கிறார்’, ‘தொடங்கிவிட்டது’, ‘முடிந்தது, கண்காணிப்பு அறையில்’ என்று. பலகை வரும்வரை மணிக்கு ஒரு முறை ஒருவர் வெளியே வந்து பெயர் சொல்லி நிலவரம் சொல்லட்டும். உட்கார பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் அங்கேயே வேண்டும். கழிப்பறைக்குப் போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் வயதானவர்கள்.

இத்தனையையும் டாக்டர்களே செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், நோயாளியோடு உட்கார்ந்து ஆபரேஷனை விளக்கிச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் கூட்டம் கூட்டமாகக் கண்புரை அறுவை நடக்கும் இடத்தில் இது முடிகிறது என்றால், நேரமில்லை என்ற பதில் எடுபடாது. ஒவ்வொரு அறுவை வார்டுக்கும் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று இத்தகைய ஆலோசகரை நியமிக்க வேண்டும். இரவுக்கு ஒருவர் என்பதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் கேள்விகள் எழுவது எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அப்போது வார்டில் இருப்பது ஒரு செவிலியரும் அவர் கையில் இருபது முப்பது ஊசியும்.

காலக்கெடுவையும் நாங்களே குறிக்கிறோம். லிஸ்ட் ஒட்டுவது, தண்ணீர் நேரத்தை எழுதிக் கொடுப்பது, தள்ளிப்போனதை உடனே சொல்வது, பாதுகாப்புப் பட்டியலைச் சத்தமாக வாசிப்பது, போர்வை போர்த்துவது, ரவுண்ட்ஸுக்குப் பின் தமிழில் சொல்வது, விழித்திருப்பவரின் தலைமாட்டில் ஒருவர், பிள்ளையோடு தாய், வாசலில் மணிக்கொரு செய்தி ஆகியவற்றுக்கு ஒரு வாரம். தமிழ்ப் படிவம், பயத்துக்கான கட்டம், நகை உறை, ரத்த ஒதுக்கீடு, அப்ரூவலுக்குப் பின் தேதி ஆகியவற்றுக்கு மூன்று மாதம். ஆலோசகர் நியமனம், மயக்க மருத்துவர் பணியிடங்கள், வாசல் பலகை, பெஞ்சு, கழிப்பறை ஆகியவற்றுக்கு அடுத்த நிதிநிலை அறிக்கை. சாசனத்தின் ஒரு பிரதியை ஒவ்வொரு மருத்துவமனையின் டீனிடமும் கண்காணிப்பாளரிடமும் நிலைய மருத்துவ அலுவலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவோம். எட்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வார்டுக்கு வந்து, மறுநாளைய லிஸ்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம்.